பார்க்காமல் எழுதும் மருந்து, சொல்லாமல் வைக்கும் கத்தி

அரிப்புக்கு ஒரு டியூப் வேண்டும் என்று கேட்டால் தமிழ்நாட்டில் எந்த மருந்துக்கடையிலும் கிடைத்துவிடும். தூத்துக்குடி மாவட்டத்து ஆறுமுகநேரி பஜார் அதற்கு விலக்கில்லை. எங்கே அரிப்பு, எத்தனை நாளாக, யாருக்கு என்று கேட்கும் கடைக்காரர் அபூர்வம். பேரனை அனுப்பி வாங்கிவரச் சொல்லும் ஆச்சியும் விவரம் சொல்லி அனுப்பமாட்டாள். பூசினால் ஒரு வாரம் தேவலை. பிறகு மறுபடியும் அரிப்பு, மறுபடியும் டியூப். இரண்டு மூன்று வருடம் இப்படியே ஓடியபின் ஒருநாள் அங்கே ஒரு தடிப்பு, அல்லது ஆறாத புண், உள்பாவாடையில் ரத்தக்கறை. அப்போது டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் இருந்தபடியே விசாரித்து, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, இன்னொரு டியூப் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தனை காலத்தில் சேலையை விலக்கிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

இந்த வழக்கத்தைத்தான் கண்டிக்கிறோம். பெண்ணுறுப்பின் வெளிமடல்களில் வரும் புற்று இது. மருத்துவர்கள் வல்வா புற்றுநோய் என்பார்கள். வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் நோய் இல்லை. கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படும். கண்டுபிடிக்க நல்ல வெளிச்சமும், மரத்துப்போகும் ஊசி போட்டு அரிசியளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் பயாப்சியும் போதும். சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும் சதைப் பரிசோதனை செய் என்பது மகளிர் மருத்துவத்தின் பால பாடம். அப்படியிருந்தும் பெண்கள் முற்றிய நிலையில் வந்து சேர்கிறார்கள் என்றால், அதற்கு அவர்களுடைய கூச்சத்தை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க மருத்துவத் துறைக்கு உரிமையில்லை.

இது அரிதான நோய் என்பது உண்மை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 45,000 பெண்களுக்கு வருகிறது; கருப்பைவாய்ப் புற்றோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். பத்தில் ஒன்பது தோலின் மேற்படலத்தில் தொடங்குவது. அதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, பாப்பிலோமா வைரஸ், குறிப்பாக அதன் 16ஆம் வகை. ஒப்பீட்டளவில் இளவயதுப் பெண்களை இது தாக்கும். மற்றது, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் நாள்பட்ட தோல்நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். தோல் வெளுத்து, காகிதம்போல் மெலிந்து, இரவில் தூங்கவிடாமல் அரிக்கும். இந்த வட்டாரத்தில் புற்றுநோய் என்ற பேச்சு எழுந்தால் உடனே ஆலைக் கழிவு என்றுதான் போகும். காற்றையும் நீரையும் பற்றிய கேள்விகள் தம்மளவில் நியாயமானவை. அவற்றுக்குத் தனியே பதில் வாங்க வேண்டும். ஆனால் எல்லாப் புற்றையும் புகைபோக்கியின் தலையில் கட்டிவிட்டால், வீட்டுக்குள் வருடக்கணக்காக அரிப்போடு உட்கார்ந்திருக்கும் பெண் யார் கணக்கிலும் வராமல் போய்விடுவாள்.

டியூப் விஷயத்தில் ஒரு கொடுமை இருக்கிறது. லைக்கன் ஸ்கிளிரோசஸுக்குச் சரியான மருந்தும் ஒரு ஸ்டீராய்டு களிம்புதான். 2015இல் வெளியான சிட்னி ஆய்வொன்று 507 பெண்களைப் பின்தொடர்ந்தது. சொன்னபடி ஒழுங்காகப் பூசி, தவறாமல் பரிசோதனைக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் புற்று வரவில்லை. அரைகுறையாகப் பூசியவர்களில் 4.7 விழுக்காட்டினருக்கு வந்தது. ஆக, எந்த மருந்து முறையாகக் கொடுத்தால் காக்குமோ, அதையே பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாடிக்கோடும் கலந்து, நோய் இன்னதென்று தெரியாமல் பூசிப் பூசி, அடையாளத்தை மழுங்கடித்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டீராய்டுக் களிம்புகளை 2018இல் மத்திய அரசு எச் அட்டவணையில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அந்த விதி காகிதத்தில் இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தூக்க மாத்திரைக்குக் காட்டும் கண்டிப்பில் கால்பங்கை இந்தக் களிம்புகளுக்குக் காட்டினாலே நிலைமை மாறும்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை புதிதன்று. 1920களின் தொடக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு மலக்குடலில் புற்று. வயிற்றுக்கடுப்பு என்று தவறாகக் கணித்ததில் காலம் போய்விட்டது. மருத்துவர் வீட்டிலேயே அதுதான் நடந்தது. அந்த மரணம்தான் அவரைத் துரத்தித் துரத்தி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கவைத்தது. நூறாண்டுக்குப் பிறகும், கூச்சமான இடத்து நோய் என்றால் பார்க்காமலே பெயர் வைக்கும் பழக்கம் தொடர்வது, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் மாநிலத்துக்கு அழகில்லை.

அரசுத் திட்டங்களையும் கேட்போம். கருப்பைவாய்ப் பரிசோதனையை 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரித்தது தமிழ்நாடு. பாராட்டத்தக்க வேலை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் வந்தது. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது இலக்கு. கருப்பைவாயைப் பார்க்கும் செவிலியர் என்ன செய்கிறார்? பெண்ணைப் படுக்கவைக்கிறார், விளக்கைத் திருப்புகிறார், கருவியை உள்ளே வைக்கிறார், அசெட்டிக் அமிலம் தடவுகிறார், வெளுப்பு தெரிகிறதா என்று பார்க்கிறார். உள்ளே போகும் வழியில் வெளிமடல்கள் முழுவதும் அவர் கண்முன்னே இருக்கின்றன. வெள்ளைத் திட்டு, தடிப்பு, புண், மரு, நிறம் மாறிய இடம் எதுவானாலும் பத்து வினாடியில் தெரிந்துவிடும். ஆனால் திட்டம் எண்ணுவது மூன்றை மட்டும்தான். எண்ணப்படாததை எந்த அதிகாரியும் மாதாந்திரக் கூட்டத்தில் கேட்கமாட்டார். கேட்கப்படாததை எந்தச் செவிலியரும் குறித்துவைக்கமாட்டார். வல்வா புற்றுக்கென்று தனி முகாம் நடத்தச் சொல்லவில்லை. உலகில் எங்கும் அப்படி ஒரு தனிச்சோதனை பரிந்துரைக்கப்படவில்லை. ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கில், ஏற்கனவே படுத்திருக்கும் பெண்ணை, கூடுதலாகப் பத்து வினாடி பாருங்கள் என்கிறோம். பார்த்ததை எழுத ஒரு கட்டம் போடுங்கள். இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் பெண்ணிடம் உண்மை பேசப்படுவதில்லை. "சின்ன ஆபரேஷன்தான், புண்ணை எடுத்துடுவோம்" என்கிறார்கள். மகனையும் கணவனையும் தனியே அழைத்து ஏதோ சொல்கிறார்கள். கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டுகிறார்கள். எதை வெட்டுகிறார்கள், எவ்வளவு வெட்டுகிறார்கள், பிறகு எப்படிச் சிறுநீர் கழிப்பது, எப்படி உட்காருவது என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. மயக்கம் தெளிந்து, கட்டுப் பிரித்த அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிகிறது.

சொல்லியிருக்க வேண்டியது என்ன என்பதை இங்கேயே எழுதிவிடுகிறோம். ஆஸ்பத்திரிகள் துண்டறிக்கை அச்சடிக்கும் வரை பெண்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளட்டும்.

முதலில், இந்த அறுவைச் சிகிச்சை ஒரே மாதிரியானதன்று. பாரிஸில் ஆந்துவான் பாஸே 1912இல் வகுத்த முறையை அமெரிக்காவின் டவுஸிக்கும் இங்கிலாந்தின் ஸ்டான்லி வேயும் நிலைநாட்டினார்கள். வெளிமடல் முழுவதையும், இரண்டு தொடையிடுக்கின் நெறிகட்டிகளையும் (நிணநீர்க் கணுக்கள்), இடைப்பட்ட தோலையும் சேர்த்து ஒரே துண்டாக, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் எடுப்பார்கள். உயிர் பிழைத்தவர்கள் பெருகினார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தையல் பிரிந்தது, பலருக்குக் கால் வீங்கியது. 1970, 80களில் தொடையிடுக்கைத் தனிக்கீறலாகத் திறக்கும் முறையும், புற்றுள்ள பகுதியை மட்டும் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையோடு எடுக்கும் முறையும் வந்தன. இன்றைக்கு, சீக்கிரம் வந்த பெண்ணுக்கு உறுப்பின் பெரும்பகுதி மிஞ்சும். தாமதமாக வந்தவளுக்குத்தான் பழைய பெரிய வெட்டு, அல்லது பிட்டத்திலிருந்தும் தொடையிலிருந்தும் தோல்சதையைத் திருப்பி வைத்து மூடும் பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது வெட்டவே முடியாத நிலையில் சிஸ்பிளாட்டின் மருந்தும் கதிர்வீச்சும். முன்சொன்ன டியூப் காலம் பெண்ணிடமிருந்து பறித்துக்கொள்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

அடுத்தது தொடையிடுக்கு. இதை அறியாமல் புண்ணை மட்டும் சீவி எடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஆபரேஷன்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. புற்று ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இறங்கியிருந்தால் தொடையிடுக்கின் நெறிகட்டிகளையும் சோதித்தே ஆகவேண்டும். புற்று நடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் இரண்டு பக்கமும். அங்கே விட்டுவைத்த நோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சுவதில்லை. நெறிகட்டிக்குப் பரவாத நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். பரவிவிட்டால் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. மரு என்று நினைத்துச் சதைப் பரிசோதனைகூடச் செய்யாமல் வெட்டி எறியும் கிளினிக்குகள், அறியாமல் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அறியாத வேலையில் கைவைத்ததுதான் குற்றம்.

எல்லா நெறிகட்டிகளையும் வாரி எடுக்காமல், புற்று முதலில் சென்று சேரக்கூடிய காவல் நெறிகட்டியை மட்டும் கதிரியக்கத் திரவமும் நீலச் சாயமும் செலுத்திக் கண்டுபிடித்து எடுக்கும் முறை வந்துவிட்டது. நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவான, ஒரே இடத்தில் உள்ள புற்றுக்கு இது பொருந்தும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்து மருத்துவர்கள் முன்னின்று 403 பெண்களிடம் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. காவல் நெறிகட்டி மட்டும் எடுக்கப்பட்டவர்களில் நீண்டகாலக் கால்வீக்கம் 1.9 விழுக்காட்டினருக்கு, எல்லாவற்றையும் எடுத்தவர்களில் 25.2 விழுக்காட்டினருக்கு. தொடையிடுக்குத் தையல் பிரிந்தது 11.7க்கு எதிராக 34 விழுக்காடு. காவல் நெறிகட்டி சுத்தமாக இருந்த பெண்களில் அங்கே நோய் திரும்பியது 2.3 விழுக்காட்டினருக்குத்தான். இந்த வசதியும் பழகிய கையும் எல்லா ஊரிலும் கிடையாது. இல்லாத இடத்தில் முழுமையாக எடுப்பதே சரியான வைத்தியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படியொரு முறை இருக்கிறது, அதற்கு இன்ன ஊருக்குப் போக வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விடவேண்டாமா? சென்னைக்குப் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆறுமுகநேரி வழியாகத்தான் போகிறது. புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 விழுக்காடு சலுகை. சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியின் சான்று வேண்டும். இதைச் சொல்வதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

ஆபரேஷன் முடிந்தபின் நடப்பது இது. சிறுநீர்க் குழாய் சில நாள் இருக்கும். வெட்டு பெரிதானால் இன்னும் கூடுதல். தொடையிடுக்கில் நீர் வடியும் குழாய் இருக்கும். வடிவது நன்றாகக் குறைந்த பிறகே எடுப்பார்கள். சிலர் அதோடே வீட்டுக்கு வருவார்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுவார்கள், சீக்கிரமே எழுந்து நடக்கச் சொல்வார்கள். மலம் கழித்ததும் சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, உலரவிட வேண்டும். தையல் பிரிவது சகஜம். பிரிந்தால் அடியிலிருந்து சதை வளர்ந்து வாரக்கணக்கில் ஆறும். நேரம் பிடிக்கும், ஆனால் ஆறும். நம் வீடுகளில் உடனே அவள் தின்ற கருவாட்டின் மேல் பழி போடுவார்கள். பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்தினால் புண் ஆறுவது இன்னும் தாமதமாகும். கடற்கரையில் பிறந்தவளுக்குச் சாளை மீனை மறுப்பதில் என்ன வைத்தியம் இருக்கிறது?

சில மாற்றங்கள் நிலையாகத் தங்கும். சிறுநீர் நேராகப் போகாமல் சிதறலாம். தொடையின் மேற்புறம் மரத்துப் போகலாம். மடல்களோடு உணர்ச்சி மிகுந்த பகுதியும் போயிருந்தால் தாம்பத்திய சுகம் குறையும். தழும்பு இறுகி வழி குறுகினால் வலிக்கும். அதற்குக் களிம்புகளும், மெல்ல விரிவாக்கும் கருவிகளும், பயிற்சியும் உண்டு. வாய்திறந்து கேட்டால் உதவி கிடைக்கும். கருப்பையும் சினைப்பையும் பொதுவாக இந்த ஆபரேஷனில் தொடப்படுவதில்லை. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு இதைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவது பாவம். கதிர்வீச்சு தேவைப்பட்டால் அதன் கணக்கு வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவளிடம் "இனிமே உனக்கு அதெல்லாம் எதுக்கு" என்று சிரிக்கும் ஊழியர்களை என்ன சொல்வது? அவளுக்கு எது எதற்கு வேண்டும் என்பதை முடிவு செய்யும் வேலையை யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை.

கால்வீக்கத்தைப் பற்றி இந்த ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். தொடையிடுக்கின் நெறிகட்டிகள் போனபின் காலில் நிணநீர் தேங்கும். மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். யானைக்கால் வந்துவிட்டது என்று பயந்து ஒளித்துக்கொள்பவர்கள் உண்டு. அது யானைக்கால் கொசுவால் வந்ததன்று. அழுத்தக் காலுறை, காலை உயர்த்தி வைப்பது, பயிற்சி, தோலைப் புண்படாமல் காப்பது இவைதான் வைத்தியம். சிறு கீறல் வழியாகக் கிருமி நுழைந்தாலும் கால் சிவந்து காய்ச்சலாகிப் படுக்கவைத்துவிடும். இப்போது யோசியுங்கள். ஆறுமுகநேரியின் பெண்களில் எத்தனை பேர் உப்பளத்துக்குப் போகிறார்கள்? வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, கால் முழுவதும் உப்புநீரில் ஊற, வாரி அம்பாரமாக்கி, கூடையில் சுமக்கும் பெண்களுக்குக் காலில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதேயில்லை. ஒதுங்குவதற்கு மறைவான கழிப்பிடம் இல்லாத அளங்கள் இன்னும் இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே வெட்டும் தையலுமாக இருக்கும் பெண்ணை ஆறு வாரத்தில் "வேலைக்குப் போகலாம்" என்று எழுதி அனுப்பும் மருத்துவர், அவள் என்ன வேலைக்குப் போகிறாள் என்று கேட்டாரா? உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க அரசுக்கு மனம் இருக்கிறது, நல்லது. புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அளத்தில் இறங்க முடியாத பெண்ணுக்கு எடைபோடும் இடத்திலோ பை தைக்கும் இடத்திலோ வேலை மாற்றித் தர வேண்டும் என்று ஒரு ஆணை பிறப்பிக்கத் தொழிலாளர் துறைக்கு என்ன தடை?

கையெழுத்து விவகாரத்துக்கு வருவோம். இது வெறும் நாகரிகப் பிரச்சினையன்று, சட்டப் பிரச்சினை. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். வயதுவந்த, புத்தி தெளிவான பெண்ணின் உடம்புக்கு அவளுடைய சம்மதம்தான் வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நோய் என்ன, சிகிச்சை என்ன, அதனால் வரக்கூடிய கேடுகள் என்ன, மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்குவதே சம்மதம் என்றும் வரையறுத்தது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளாகியும், ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் பெருவிரல் ரேகை வாங்குவதும், கணவன் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதும் நின்றபாடில்லை. எழுதப்படிக்கத் தெரியாத அளக்காரப் பெண்ணுக்கும் படம் போட்டுக் காட்டிப் புரியவைக்கலாம். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எந்த ஆஸ்பத்திரியில் இல்லை?

குடும்பத்தாரையும் விட்டுவிட முடியாது. வைரஸால் வரும் என்று எங்கோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அவளுடைய நடத்தையைப் பற்றிக் குசுகுசுப்பவர்களே, கேளுங்கள். பாப்பிலோமா வைரஸ் தாம்பத்தியம் நடத்தும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றிவிட்டுப் போகிறது. பெரும்பாலும் தானாகவே மறைகிறது. கணவன் வழியாக வந்திருக்கலாம், இருபது வருடத்துக்கு முன் வந்திருக்கலாம். வயதான பெண்களுக்கு வரும் புற்றிலோ பெரும்பகுதிக்கு அந்த வைரஸோடு சம்பந்தமே இல்லை. புகையிலையும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோய்களும் ஆபத்தைக் கூட்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த வைரஸுக்கான தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஊசி வரும்போது "இது அந்த மாதிரி ஊசியாமே" என்று தடுக்காமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று காயல்பட்டினத்துத் தாய்மார்களும், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் மீனவப் பெண்களும் கேட்பதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு. அந்தக் கோரிக்கைக்கு இடம் கொடுத்தால் சீக்கிரம் வருவார்கள். மறுத்தால் டியூப்போடு வீட்டில் இருப்பார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல், திருச்செந்தூர் அரசு மருத்துவமனையிலாவது, பெண் மருத்துவரும் பெண் செவிலியரும் மட்டும் இருக்கும் பரிசோதனை அறை, கதவும் திரையும் சரியாக மூடும் அறை வேண்டும். பயாப்சி அங்கேயே எடுக்க வேண்டும். சதையைத் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, முடிவைக் கைப்பேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். அவளை இரண்டு பஸ் மாறிப் போகவைத்துவிட்டு, வரவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதி முடித்துக்கொள்ளக் கூடாது. கதிர்வீச்சு தேவைப்பட்டால் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம். ஆறாத தையலோடு தினமும் பஸ் ஏறி இறங்க முடியாது. தங்க இடம் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அந்த அட்டை உயிரோடு இருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்பது ஆபரேஷனுக்கு முதல்நாள் இரவு தெரியவேண்டிய செய்தியன்று. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க அலைவதற்கு அந்தப் பெண்ணையே அனுப்பும் ஆஸ்பத்திரிகளுக்கு வெட்கம் வரவேண்டும்.

வார்டுக் கழிப்பறை என்று ஒன்று இருக்கிறது. குத்தவைத்து உட்காரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்கள் வார்டில் இந்தியக் கழிப்பறைகளை மட்டும் வைத்திருப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது? நாற்காலி போன்ற கம்மோட் ஒன்றும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், கைக்கு எட்டும் தண்ணீரும் வைப்பதற்கு எந்த அமைச்சரின் கையெழுத்தும் வேண்டாம். கண்காணிப்பாளர் மனது வைத்தால் ஒரு வாரத்து வேலை.

இதையெல்லாம் எழுதிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும், மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உதவி இயக்குநருக்கும் விண்ணப்பங்கள் போகின்றன. 30 நாளில் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை. கடந்த ஐந்தாண்டில் இந்த மாவட்டத்து நோய்க்கூறியல் ஆய்வகங்களில் சி51 என்ற குறியீட்டில் பதிவான வல்வா புற்றுகள் எத்தனை? முதல் அறிகுறிக்கும் சதைப் பரிசோதனைக்கும் இடையே சராசரியாக எத்தனை மாதம்? அவர்களில் எத்தனை பேருக்குத் தொடையிடுக்கு சோதிக்கப்பட்டது? எத்தனை பேரின் சம்மதப் படிவம் தமிழில் இருந்தது, அதில் கையெழுத்து யாருடையது? சீட்டில்லாமல் ஸ்டீராய்டுக் களிம்பு விற்றதற்காக எத்தனை கடைகளின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது? பெண்கள் புற்றுநோய் வார்டில் கம்மோட் கழிப்பறைகள் எத்தனை?

பதில்கள் வந்ததும் இதே பக்கத்தில் வெளியிடுவோம். வராவிட்டால், யாரிடமிருந்து வரவில்லை என்பதைப் பதவியோடு வெளியிடுவோம்.